தயாளினி கையைத் தூக்கவில்லை

பன்னிரண்டு நிமிடமாகிவிட்டது, தயாளினி இன்னும் கையைத் தூக்கவில்லை. ஸ்கோர் பலகையில் ஓடிய நேரத்தைச் சுகிர்தா மறுபடி பார்த்தாள், பன்னிரண்டு, சந்தேகமே இல்லை. பன்னிரண்டு நிமிடமாக அவள் இந்தச் சுடுகிற அலுமினிய வாங்கில் குந்திக்கொண்டிருக்கிறாள், அங்கே கோல் கம்பங்களுக்கு முன்னால் அவளுடைய இடத்தில் அவளுடைய தம்பியின் மனைவி ஓடிக்கொண்டிருக்கிறாள். ஒரு கையைத் தூக்க எவ்வளவு நேரம் வேண்டும்? பஸ்ஸை மறிக்கத் தூக்குகிறார்களே, மழையில், குடையும் பையும் பிள்ளையுமாக நின்றாலும் தூக்குகிறார்களே, ஒன்பது வருடமாக டண்டினோங்கில் பஸ் ஓட்டுகிறவளுக்குத் தெரியாதா, வேண்டுமென்றால் கை தானாக உயரும். வேண்டாமென்றால்தான் உயராது. செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் ட்ரேசி எல்லாரையும் புல்லில் இருத்திவைத்துத் தெளிவாகத்தானே சொன்னாள். சனிக்கிழமை பயிற்சி ஆட்டம். இடம் ஒன்றுக்கு இரண்டு பேர். ஒருத்தி உள்ளே, மற்றவள் வாங்கில். உள்ளே நிற்பவள் களைத்ததும் கையைத் தூக்க வேண்டும், எல்லைக்கோட்டில் வைத்த இரண்டு செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவே வந்து மற்றவளின் உள்ளங்கையில் தட்ட வேண்டும், தட்டிய பிறகுதான் மற்றவள் உள்ளே போகலாம். வாங்கில் இருப்பவள் கூப்பிடக்கூடாது. நானும் கூப்பிட மாட்டேன் என்றாள் ட்ரேசி, நீங்கள் உங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள் என்றுதான் பார்க்கப்போகிறேன். பார்க்கட்டும். வடிவாகப் பார்க்கட்டும். இருபது நிமிடக் கால்பகுதியில் பன்னிரண்டை ஒருத்தி விழுங்கிவிட்டாள், மற்றவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், இதுதான் பிரிப்பு, எழுதிக்கொள் ட்ரேசி.

வடக்குக் காற்று அடித்தது, மெல்பேர்னின் மார்ச் மாதத்துக்கே உரிய அந்த அடுப்படிக் காற்று, மைதானத்தின் நடுவில் இன்னும் கிரிக்கெட்காரரின் ஆடுகளம் மூடிக் கிடந்தது, புல் வெந்து மஞ்சளாகித் தரை கல்லாகியிருந்தது. இன்னும் மூன்று கிழமையில் பருவம் தொடங்கிவிடும். வியாழக்கிழமை பெயர்ப் பட்டியல் வரும். இருபத்தொரு பெயர். கடந்த வருடம் வரை பெண்களுக்கு இரண்டு அணி இருந்தது, முதலணியில் இடமில்லாதவர்கள் இரண்டாவதில் ஆடலாம், ஆள் போதாதென்று இந்த வருடம் இரண்டாவதைக் கலைத்துவிட்டார்கள், ஆக முப்பத்துநான்கு பேருக்கு ஒரே அணி, பட்டியலில் இல்லாதவள் வீட்டில். பின்வரிசையில் ஒரேயொரு இடம்தான் காலி, எதிரணியின் முதன்மைக் கோல் அடிக்காரியைக் காக்கிற முழுப்பின் இடம், அது ஆறு வருடம் சுகிர்தா நின்ற இடம். ஆறு வருடம் என்றால் சும்மாவா. வந்த முதல் நாள் இந்த அவுஸ்திரேலியப் புட்போலின் முட்டை வடிவப் பந்தைத் தரையில் குத்தினால் எந்தப் பக்கம் எழும்பும் என்றுகூட அவளுக்குத் தெரியாது, மூக்கில் வந்து அடித்தது, எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், வீட்டுக்குப் போய் வாகனத் தரிப்பிடத்துச் சுவரில் ஆயிரம் தரம் அடித்துப் பழகினாள். ஒருவரும் கூட்டிக்கொண்டு வரவில்லை அவளை. பஸ் தரிப்பில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து அவளாக வந்தாள். இங்கேதான் அவள் ஒருவருக்கும் அக்காவும் இல்லை, மனைவியும் இல்லை, அம்மாவும் இல்லை, மருமகளும் இல்லை, முதுகில் முப்பத்தொன்று என்று போட்ட ஒருத்தி, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பது எவ்வளவு பெரிது என்று எவருக்காவது சொல்லிப் புரியவைக்க முடியுமா. முடியாது. அதனால்தான் அவள் எவருக்கும் சொன்னதில்லை, சொல்லாததால்தான் தம்பி சேந்தன் அன்றைக்குப் போனை எடுத்து அப்படிக் கேட்டான், கடையில் பால் வாங்கி வரச் சொல்வதுபோல, "அக்கா, தயாவையும் உங்கட புட்போலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன், வந்ததில இருந்து வீட்டுக்குள்ளயே கிடக்கிறாள், ஆளுக்கும் ஒரு பிராக்கு." பிராக்கு! அவளுடைய ஆறு வருடம் தம்பிக்குப் பொழுதுபோக்கு. சரி என்றாள். நாக்கில் சனி. பழைய சப்பாத்து ஒரு சோடியையும் கொடுத்தாள், போன வருடத்து வாய்க்காப்பைச் சுடுதண்ணீரில் போட்டு எப்படிப் பல்லுக்கு அளவாக்குவது என்றும் காட்டினாள், தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள், ஒக்ரோபரில் இருந்து கிழமைக்கு இரண்டு நாள். எல்லாம் அவளே செய்தாள். இப்போது யாரைக் குற்றம் சொல்வது? தயாளினியைத்தான். வேறு யாரை.

பக்கத்தில் லின்டா தோடம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். லின்டாவும் பின்வரிசைக்காரிதான், நாற்பத்திரண்டு வயது, கணக்காளர் வேலை, ஆட்டம் முடிந்தபின் குடிக்கிற பியருக்காகவே வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறவள், போன வருடம் முழுக்க அவள் செய்த பெரிய வேலை இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டியதுதான். சாறு வழிய வழிய அவள் மைதானத்தைக் காட்டி, "உன் தங்கச்சி அருமையாக ஆடுகிறாள்," என்றாள். தங்கச்சி இல்லை என்றாள் சுகிர்தா. ஐந்தாவது தரமாகச் சொல்கிறாள். தம்பியின் மனைவி. ஓ, என்றாள் லின்டா, ஆனால் ஒரே மாதிரி இருக்கிறீர்களே. எந்தக் கண்ணால் ஒரே மாதிரி? தயாளினி பனைபோல வளர்ந்தவள், சுகிர்தா அவளுடைய தோள் வரைக்கும்தான். தயாளினிக்கு இருபத்தொன்பது, அவளுக்கு முப்பத்தாறு. இந்த முப்பத்துநான்கு பேரில் மாநிறமாக இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான், எங்கள் இரண்டு பேரையும்தான் ட்ரேசி ஒரே இடத்துக்குச் சோடி சேர்த்திருக்கிறாள், தற்செயலாம், வெள்ளைப் பலகையில் காந்தத் துண்டுகளில் பெயர் எழுதி ஒட்டுகிறபோது அப்படி அமைந்துவிட்டதாம். எல்லாரும் அதைப் பார்த்து ஆ, எவ்வளவு நல்லது, ஒரே குடும்பம் என்றார்கள். என்ன நல்லது? அடுத்த ஞாயிறு சேந்தனுடைய வீட்டில் மத்தியானச் சாப்பாடு, அந்த மேசையில் இருந்து தயாளினி வைக்கிற நண்டுக் கறியைச் சாப்பிட்டுக்கொண்டு இவள் என்னத்தைக் கதைப்பாள்? வேறு எவளிடமாவது தோற்றிருந்தால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திட்டலாம். தயாளினியிடம் தோற்றால் திட்டவும் ஏலாது. வாழ்த்த வேண்டும். சொந்தக்காரியிடம் தோற்பதைப்போல ஒரு தொல்லை உலகத்தில் இல்லை.

உள்ளே பந்து உயரப் போனது. எதிரணியின் கோல் அடிக்காரி, செம்பட்டைக் குதிரைவால் முடிக்காரி ஒருத்தி, பின்னுக்கு ஓடிக் கையை நீட்டினாள், அவளுக்கு மேலால் தயாளினி எழும்பினாள். அந்த எழும்பல். அதைத்தான் சுகிர்தாவால் தாங்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாளில் தயாளினி வலைப்பந்தில் கோல் காப்பாளராக நின்றவள், மாகாண மட்டத்தில் ஆடியவள், உயர எறிந்த பந்தை ஆகாயத்திலேயே களவெடுக்கிற கை அவளுக்கு அங்கேயே வாய்த்துவிட்டது, இங்கே அதே கையைக் கொண்டு வந்து உதைத்த பந்தை நிலத்தில் விழுமுன் பிடித்தாள், நடுவர் மார்க் என்று விசில் ஊதினார், இனி அவளை ஒருவரும் தொடக்கூடாது, நிதானமாகப் பின்னுக்கு நடந்து உதைக்கலாம். வேலியடியில் இருந்து சேந்தன் கத்தினான், "தயா! அப்பிடித்தான் தயா!" ஆறு வருடத்தில் இந்த வேலிக்குச் சேந்தன் எத்தனை தரம் வந்தான்? ஒரு தரம், அதுவும் காரை இரவல் வாங்க. அவனுக்குப் பக்கத்தில் சுகிர்தாவின் கணவன் நேசன் நின்றான், கையில் சொசேஜ் சுற்றிய பாண், அவன் கத்தவில்லை, வாங்குப் பக்கமும் பார்க்கவில்லை, ஏதோ தன்னுடைய சப்பாத்தில் எழுதியிருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். நிமிர்ந்து பார் மனிசா. ஒரு தரம் பார்த்தால் என்ன குறைந்துவிடும். வலைப்பந்தில் இந்தக் கை தூக்குகிற வழக்கம் இல்லை, அதுவும் உண்மைதான், அங்கே கால்பகுதி முடியும் வரை நின்றே ஆக வேண்டும், ஒருவேளை பழக்க தோஷத்தில் நிற்கிறாளோ. இல்லை. செவ்வாய்க்கிழமை ட்ரேசி சொன்னபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள், தலையாட்டினாள், காரில் வரும்போது அவளே கேட்டாள், "அப்ப மச்சாள், ஆளுக்குப் பத்து நிமிசம் எண்டு வைப்பமே?" ஆளுக்குப் பத்து. அவளுடைய வாயால் வந்தது. நீ முதல் போ என்று சுகிர்தாதான் விட்டுக்கொடுத்தாள், பெருந்தன்மை, மூத்தவள் அல்லவா. பதினாலு நிமிடம் இப்போது.

முழங்காலைக் கையால் தடவிய சுகிர்தா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். ட்ரேசி பார்த்தாளா? இல்லை, ட்ரேசி கிளிப்போட் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். வலது முழங்கால், நீண்ட காலுறைக்கு உள்ளே, இறுக்கமான கறுப்புக் காற்சட்டைக்கு உள்ளே, நாடா சுற்றி, அந்த நாடாவுக்கும் உள்ளே அது வீங்கிக் கிடந்தது. தை மாதத்தில் இருந்து. பஸ்ஸின் பிரேக்கை மிதிக்கும்போது தெரியும், ஒவ்வொரு தரிப்பிலும் தெரியும், ஒரு நாளைக்கு நூற்றுப்பத்துத் தரிப்பு. டொக்டர் ஸ்கான் எடுக்கச் சொன்னார், இவள் எடுக்கவில்லை, எடுத்தால் ஏதாவது தெரிந்துவிடும். கிளப்பில் எவருக்கும் தெரியாது. நேசனுக்கு மட்டும் தெரியும், தெரியாமல் இருக்க ஏலுமா, பச்சைப் பட்டாணிப் பையை ஐஸ்பெட்டியில் இருந்து எடுத்துத் துவாயில் சுற்றி ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் அவன்தான் வைத்துவிடுகிறான், வைத்துவிட்டு, "உனக்கென்ன விசரே," என்று கேட்கிறான், ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. விசர்தான், பைத்தியம்தான். இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் முப்பத்தேழு, அதற்கடுத்தது முப்பத்தெட்டு, ஒரு முறை பட்டியலில் இருந்து விழுந்தவள் திரும்ப ஏறியதை அவள் பார்த்ததே இல்லை, விழுந்தவர்கள் முதலில் பார்க்க வருவார்கள், பிறகு தோடம்பழம் வெட்டுவார்கள், பிறகு வர மாட்டார்கள். பத்து நிமிடம் போதும். பத்து நிமிடத்துக்கு இந்த முழங்கால் தாங்கும், இருபதுக்குத்தான் தாங்காது, அதனால்தான் ஆளுக்குப் பத்து என்று தயாளினி சொன்னபோது அவளுக்குள் ஒரு நிம்மதி, காரை ஓட்டிக்கொண்டே மனதுக்குள் அவளைப் பாராட்டினாள், நல்ல பிள்ளை என்று. நல்ல பிள்ளையாம். இப்போது பத்தும் இல்லை, ஐந்தும் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒருத்தி என்னத்தைக் காட்டுவாள்? பந்து ஒரு தரம்கூட அந்தப் பக்கம் வராமல் போகலாம். சும்மா நின்றுவிட்டு வரலாம். அதைப் பார்த்து ட்ரேசி என்ன எழுதுவாள், நன்றாக நின்றாள் என்றா.

இப்படித்தான் எல்லா இடத்திலும், யோசித்துப் பார்த்தால் இப்படித்தான், அம்மா சேந்தனுக்குப் பெரிய மீன் துண்டு வைத்தபோது ஒன்றும் சொல்லவில்லை, சேந்தனுக்குத் தனியறை, சரி, சேந்தனின் பல்கலைக்கழகத்துக்காக இவள் கடையில் காசாளராக நின்றாள், சரி, சேந்தனுடைய கலியாணத்துக்கு நாலு நாள் லீவு போட்டுப் பலகாரம் சுட்டாள், சரி, சரி, சரி, இப்போது சேந்தனுடைய மனைவிக்கு இந்த நாலு கம்பத்துக்கு முன்னால் இருக்கிற இருபது அடி நிலமும் வேண்டுமாம். கெட்டித்தனம் இருந்தால் எடுக்கட்டும், அதில் இவளுக்கு ஒன்றும் இல்லை, நேரே நின்று, பத்துக்குப் பத்து ஆடி, நீ நல்லாய் ஆடினாய் என்று எடுக்கட்டும். இப்படி மற்றவளை வாங்கில் ஆணியடித்துவிட்டா எடுப்பது. கைதூக்காமல் நிற்பதெல்லாம் ஒரு ஆட்டமா. களைத்துச் செத்தாலும் தூக்க மாட்டேன் என்று நிற்கிறவள் எப்படிப்பட்டவள். எப்படிப்பட்டவள் என்றால், மிஷெல்லைக் கேட்டால் சொல்வாள். இல்லை. அது வேறு. மூன்று வருடத்துக்கு முன்னால் அரையிறுதியில், கடைசிக் கால்பகுதியில், சுகிர்தாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கால் இரண்டும் சொல் கேட்கவில்லை, வாங்கில் மிஷெல் இருந்தாள், இருந்து இவளையே பார்த்தாள், அந்தப் பார்வை இவளுக்குத் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது, இருந்தும். அது வேறு. அது பயிற்சி ஆட்டம் இல்லை, அரையிறுதி, அப்போது ஆளுக்குப் பத்து என்று ஒரு கதையும் இருக்கவில்லை. கடைசி நிமிடத்தில் இவள் காக்க வேண்டியவள் இவளைத் தாண்டி ஓடி அடித்தாள், ஆறு புள்ளியில் தோற்றார்கள், மிஷெல் அடுத்த வருடம் வேறு கிளப்புக்குப் போய்விட்டாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். இவளும் கத்தலாம் இப்போது, எழும்பி நின்று, அடியேய் தயாளினி என்று, ஆனால் கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் ட்ரேசி அதையும் எழுதுவாள். மிஷெல்லை எதற்கு இப்போது நினைக்கிறேன். அது வேறு கதை, முடிந்த கதை.

பதினாறு நிமிடம். தயாளினிக்கு உண்மையிலேயே களைத்துவிட்டது, வாங்கில் இருந்தே தெரிந்தது, கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றாள், ஒவ்வொரு தடவை நிமிர்ந்தபோதும் தலையை உதறினாள், அவளுக்குப் பழக்கமில்லை இந்த நீள ஓட்டம், வலைப்பந்துக் களம் இதில் பத்தில் ஒன்றுகூட வராது. ஒரு தரம் வாங்குப் பக்கம் பார்த்தாள். நேரே சுகிர்தாவைப் பார்த்தாள். சுகிர்தாவின் கால்கள் தாமாக எழும்பப் பார்த்தன, வா, தூக்கு, தூக்கு, ஆனால் தயாளினி ஒரு மாதிரிச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள்! பார்த்தாயா லின்டா, அவள் சிரித்ததைப் பார்த்தாயா என்று கேட்க வாய் வந்தது, லின்டா அடுத்த தோடம்பழத் துண்டுக்குப் போய்விட்டாள். இது பகிடி பண்ணுகிற சிரிப்பு. நீ அங்கேயே இரு என்கிற சிரிப்பு. இன்றைக்குக் காரில் ஏற்ற மாட்டேன். சேந்தனோடு வரட்டும், அல்லது நடந்து வரட்டும், அல்லது நான் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறட்டும், ஏறட்டுமே, கை நீட்டினாலும் நிறுத்த மாட்டேன். அப்படி நினைத்தவளுக்குத் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது, அந்த அருவருப்பையும் தயாளினியின் கணக்கிலேயே எழுதினாள். பதினேழு. அப்போது கை உயர்ந்தது.

உயர்ந்தே விட்டது, நீளமான கை, உள்ளங்கை விரிந்து. சுகிர்தா வாய்க்காப்பைக் கவ்விக்கொண்டு கூம்புகளுக்கு ஓடினாள், ஆட்டம் மைதானத்தின் மற்ற முனையில் நடந்துகொண்டிருந்தது, மாறுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. தயாளினி நடந்தும் ஓடியும் வந்து சேர்ந்தாள், முகம் கறுத்துச் சிவந்திருந்தது, மூச்சு விசில் அடித்தது. சுகிர்தா கையை நீட்டினாள். தயாளினி தட்டவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள், கால் ஏலுமே? ஏலாதெண்டா சொல்லுங்கோ, இன்னும் மூண்டு நிமிசம்தானே, நானே சமாளிக்கிறன்."

"என்ன கால்?"

"முழங்கால். நேசன் அண்ணை சொன்னவர்."

சுகிர்தா வாய்க்காப்பைத் துப்பிக் கையில் எடுத்தாள். "என்ன சொன்னவர்? எப்ப?"

"காலமை. வீங்கிப் போயிருக்காம், ஒருத்தருக்கும் காட்டுறியள் இல்லையாம். நான் சொன்னா அவள் கேக்கமாட்டாள், நீ ஏலுமான மட்டும் உள்ளுக்கை நில் பிள்ளை, அவளை ஓட விடாதை எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, மச்சாள். ட்ரேசிக்கும் சொல்லேல்லை."

வேலியடியில் நேசன் இப்போதும் சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆக அதுதான் அந்தப் பார்வை. ஆக அதுதான் அந்தச் சிரிப்பு. பதினேழு நிமிடமாக அவளிடம் இருந்து ஒருவரும் ஒன்றையும் பறிக்கவில்லை, எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்கு நல்லது செய்திருக்கிறார்கள், கிழவியைக் கைபிடித்து வீதி கடத்துவதுபோலக் கடத்தி இந்த வாங்கில் இருத்தியிருக்கிறார்கள். கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. இதுவரை வந்ததெல்லாம் என்ன கோபம், இதுதான் கோபம், காது இரண்டும் அடைத்தது அவளுக்கு.

"பாவம் பாத்தனீ என்னை?" என்றாள். குரல் எங்கேயோ உயரத்தில் போனது. "என்னைக் கேட்டியா? ஒரு வார்த்தை, காரில வரேக்க, மச்சாள் உங்கட கால் எப்பிடி எண்டு என்னைக் கேட்டியா? என்ர காலைப் பற்றி நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுக்க நான் என்ன செத்துப்போனனே? நீ களவெடுத்திருந்தாலும் பரவாயில்லை தயாளினி, நீ என்ர இடத்தைப் பறிச்சிருந்தாலும் நான் உன்னை மதிச்சிருப்பன்!"

"கத்தாதேங்கோ, எல்லாரும் பாக்கினம்..."

"பாக்கட்டும்! ஏன் பிறகு கையைத் தூக்கினனீ? நிண்டிருக்கலாமே, இன்னும் மூண்டு நிமிசம் எனக்குப் புண்ணியம் செய்திருக்கலாமே!"

தயாளினி அவளுடைய கையை உதறி விட்டாள். வியர்வை கண்ணுக்குள் போக அதைப் புறங்கையால் வழித்தவள், வந்த நாளில் இருந்து ஒரு நாளும் இவளிடம் பேசாத குரலில் பேசினாள். "பாவம் பாத்தது உள்ளுக்கை போகேக்க மட்டும்தான், சரியே? பத்தாவது நிமிசம் கையைத் தூக்கத்தான் வெளிக்கிட்டனான். அதுக்குப் பிறகு நிண்டது உங்களுக்காக இல்லை. எனக்கு வெளியில வர மனம் வரேல்லை. அந்தப் பந்து மேல வரேக்க நான் ஆரின்ர பெண்சாதி எண்டு எனக்கு ஞாபகம் இல்லை மச்சாள். உங்கட கால் நோகுதெண்டு எனக்கு நானே சொல்லிச் சொல்லி நிண்டனான். போதுமே?"

சுகிர்தா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒன்று இருந்தது, மிஷெல் என்ற பெயரில் தொடங்கும் ஒன்று, ஆனால் அது வெளியே வருமுன் அவர்களுடைய இரண்டு தலைகளுக்கும் மேலால் மைதானம் முழுக்க ஒரு கூச்சல் எழுந்தது. முழுப்பின்! முழுப்பின் எங்கே! இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பந்து மற்ற முனையில் இருந்து வந்துவிட்டிருந்தது, இரண்டே உதையில், நாலு கம்பத்துக்கு முன்னால் செம்பட்டைக் குதிரைவால் தன்னந்தனியே நின்றாள், சுற்றிலும் முப்பது அடிக்கு ஒரு ஈ காக்கை இல்லை, தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, பந்தைப் பிடித்து, அவசரமே இல்லாமல், பூக்கொய்வதுபோலக் காலால் தட்டினாள். கோல். கோல் நடுவர் இரண்டு சுட்டுவிரலையும் நீட்டினார். கூம்புகளுக்கு நடுவே ஒரு மாமியும் மருமகளும் சண்டை பிடித்த மாதிரி இரண்டு பேர் நின்றார்கள், ஒருத்தி கோட்டுக்கு உள்ளே, ஒருத்தி வெளியே, கை தட்டாமல்.

ட்ரேசி கத்தவில்லை. கத்துவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். கிளிப்போட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களுக்குக் கிட்ட வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ஒரு இடம் கொடுத்தேன். இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு வந்து இங்கே நிற்கிறீர்கள்," என்றாள். பிறகு வாங்குப் பக்கம் திரும்பி, "லின்டா, போ," என்றாள். நானா என்றாள் லின்டா. நீதான். லின்டா தோடம்பழத் தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் சுகிர்தாவின் கையிலேயே கொடுத்துவிட்டு, காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

இருவரும் வாங்கில் இருந்தார்கள். இடையில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. வேலியடியில் சேந்தன் கத்துவதை நிறுத்தியிருந்தான். தயாளினிக்கு மூச்சு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, தண்ணீர்ப் போத்தலைத் தலையில் கவிழ்த்தாள், அது முகத்தால் வழிந்து மடியில் சொட்டியது, துடைக்கவில்லை. சுகிர்தா முழங்காலில் இருந்த நாடாவைக் காற்சட்டைக்கு மேலாலேயே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள், இப்போது எவர் பார்த்தால் என்ன.

"எனக்கு அந்த இடம் வேணும், மச்சாள்," என்றாள் தயாளினி, மைதானத்தைப் பார்த்தபடி.

"எனக்கும்தான்," என்றாள் சுகிர்தா.

உள்ளே பந்து உயர எழும்பி வந்தது, காற்றில் வளைந்து, யாருக்கும் பிடிபடாத மாதிரி ஆடி ஆடி வந்தது. லின்டா கண்ணை மூடிக்கொண்டுதான் கையை நீட்டியிருக்க வேண்டும். பந்து அவளுடைய நெஞ்சில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. நடுவர் மார்க் என்று விசில் ஊதினார். வாங்கில் இருந்த எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். இவர்கள் இரண்டு பேரும் தட்டவில்லை.